மஞ்சள் கைப்பை

2010, தீபாவளிக்கு முந்தின வாரம். ஆம்பூரில் எங்கள் கம்பெனி பேக்கிங் ஹாலில் மஞ்சள் தோல் கைப்பைகள் அட்டைப்பெட்டிக்குள் போகக் காத்திருந்தன. ஏதோ ஒரு மஞ்சள் என்று நினைத்துவிடாதீர்கள். வெளிநாட்டிலிருந்து வந்த டிசைனர் அம்மா ஓர் எலுமிச்சம்பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு, தோலில் இதே நிறம் வரவேண்டும் என்று சொல்லிவிட்டுப் போன மஞ்சள். பினிஷிங் மாஸ்டர் மூன்று தடவை கோட்டைவிட்டு நாலாவது தடவை பிடித்தார். பையை வெயிலில் வைத்தால் கண் கூசும்.

அன்று காலை பையரிடமிருந்து மெயில் வந்தது. சாம்பிள் லேபில் ஃபெயில், சரக்கை ஏற்றாதீர்கள்.

தையல் பிரியவில்லை, ஜிப் மாட்டவில்லை, சாயம் கையில் ஒட்டவில்லை. மேற்பூச்சில் காரீயம் இருந்ததாம். பத்து லட்சம் பங்கில் 90 பங்குக்கு மேல் கூடாது என்பது கணக்கு. எங்கள் பையில் அது நாலு இலக்க எண். காரணம் என்று ஒரே வரி: கலிபோர்னியா, ப்ராப் 65.

முதலாளி கூப்பிட்டார்.

"என்னப்பா இது, வாங்குற பொம்பளை பையைக் கடிச்சுத் திங்கப் போறாளா?"

"கலிபோர்னியாவுல ஏதோ சட்டமாம், முதலாளி."

"நம்ம சரக்கு நியூ ஜெர்சிக்குத்தானே போகுது?"

எனக்குப் பதில் தெரியவில்லை. நான் பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி. 1989-ல் ஏற்றுமதிப் பிரிவில் சேர்ந்து 2019 வரை அதே வேலை. எந்த நாடு எதைத் தடை செய்தது, எந்த பையர் எந்தச் சான்றிதழ் கேட்கிறார் என்பதெல்லாம் என் மேஜைக்குத்தான் வரும். நான் சேர்ந்த வருஷக் கடைசியிலேயே ஜெர்மனி எங்கள் ஊர் வயிற்றில் அடித்தது. தோலில் பூஞ்சை பிடிக்காமல் இருக்கப் போடுகிற பென்டாகுளோரோபீனால் பத்து லட்சம் பங்கில் 5 பங்குக்கு மேல் இருந்தால் சரக்கு உள்ளே வரக்கூடாது என்று சட்டம் போட்டார்கள். பிறகு 1994-ல் சில அசோ சாயங்களுக்கும் அதே கதி. எங்களுக்கு அது புரிகிற மொழி. "இது கூடாது" என்பார்கள். நாங்கள் நிறுத்துவோம், வேறு தேடுவோம். கலிபோர்னியாக்காரர்கள் காரீயத்தைக் கூடாது என்றே சொல்லவில்லை. அதுதான் முதலில் எனக்கு விளங்காமல் போனது.

அன்று ராத்திரி உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தவன், அடுத்த ஒன்பது வருஷமும் விட்டுவிட்டுப் படித்துக்கொண்டே இருந்தேன்.

கலிபோர்னியாவில் ஒரு வழக்கம் உண்டு. போதுமான வாக்காளர்களிடம் கையெழுத்து வாங்கிவிட்டால், சட்டமன்றத்தை எதிர்பார்க்காமல் ஒரு சட்டத்தை நேரே தேர்தல் வாக்குச்சீட்டில் ஏற்றலாம். ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். 1986 நவம்பர் 4 அன்று ஆளுநரைத் தேர்ந்தெடுக்கப் போன மக்கள் முன்னால் 65-ஆம் எண்ணில் இருந்தது பாதுகாப்பான குடிநீர் மற்றும் நச்சுப்பொருள் அமலாக்கச் சட்டம். எழுதியவர்களில் முக்கியமானவர் டேவிட் ரோ, சுற்றுச்சூழல் அமைப்பு ஒன்றின் வக்கீல். ஜேன் ஃபோண்டா மாதிரி நடிகர்கள் ஆதரவாக நின்றார்கள். எண்ணெய், ரசாயன, விவசாயக் கம்பெனிகள் எதிர்த்துச் செலவழித்தன. ஆளுநர் டியூக்மேஜியனும் எதிர்த்தார். அந்தத் தேர்தலில் ஆளுநரும் ஜெயித்தார், அவர் எதிர்த்த சட்டமும் ஏறக்குறைய 63 சதவீத வாக்கோடு ஜெயித்தது.

சட்டம் சொல்வது இரண்டே விஷயம். ஒன்று, புற்றுநோயோ பிறவிக் குறையோ இனப்பெருக்கக் கேடோ உண்டாக்கும் என்று மாநிலம் பட்டியலிட்ட பொருளைத் தெரிந்தே குடிநீர் ஆதாரத்தில் விடாதே. இரண்டு, அப்படிப்பட்ட பொருள் ஒருவர் உடம்பில் படும்படி நீ செய்தால், முன்கூட்டியே தெளிவாகச் சொல்லிவிடு. சொல்லிவிட்டால் விற்கலாம். பத்துப் பேருக்குக் குறைவாக வேலை பார்க்கிற இடங்களுக்கும் அரசு அலுவலகங்களுக்கும் விலக்கு உண்டு.

பட்டியலை வருஷா வருஷம் புதுப்பிக்க வேண்டும். ஆளுநர் அங்கேதான் கை வைத்துப் பார்த்தார். 1987 பிப்ரவரியில் வந்த முதல் பட்டியலில் 29 பொருள்களே இருந்தன. மனிதர்களிடம் நிரூபணமானவை மட்டும் போதும், எலியிடம் நிரூபணமானது எதற்கு என்பது அவர் தரப்பு. தொழிற்சங்கங்கள் கோர்ட்டுக்குப் போயின. எலியும் கணக்கில் வரும் என்று தீர்ப்பானது. இன்றைக்குப் பட்டியலில் சுமார் 900 பெயர். எங்கள் பைக்குப் பெருமை என்னவென்றால், அதில் இருந்த மஞ்சள் நிறமி லெட் குரோமேட். காரீயமும் உண்டு, நாங்கள் குரோம் சிக்ஸ் என்று சொல்கிற குரோமிய வகையும் உண்டு. இரண்டும் அந்த முதல் 29-லேயே இடம்பிடித்தவை.

இங்கே ஒரு சொல் தகராறு. தமிழில் ஈயம் என்றாலே குழப்பம். ரசம் வைக்கிற ஈயச்சொம்பு வெள்ளீயம், அது வேறு உலோகம். நான் சொல்வது காரீயம். பழைய பெயின்டில், பேட்டரியில், தூண்டில் குண்டில் இருப்பது. குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும், கருவையும் பாதிக்கும்.

எவ்வளவு பட்டால் சொல்ல வேண்டும்? இதற்குச் சட்டத்தில் இரண்டு அளவுகோல். புற்றுநோய்ப் பொருள் என்றால், ஒரு லட்சம் பேர் எழுபது வருஷம் தினமும் அந்த அளவு உட்கொண்டால் கூடுதலாக ஒருவருக்குப் புற்றுநோய் வரும் என்கிற அளவுதான் எல்லைக்கோடு. இனப்பெருக்கத்தைக் கெடுக்கிற பொருள் என்றால் இன்னும் கறார்: எந்தப் பாதிப்பும் தெரியாத அளவு எது என்று பார்த்து, அதை ஆயிரத்தால் வகுக்க வேண்டும். அப்படி வகுத்ததில் காரீயத்துக்கு வந்த எண், நாளொன்றுக்கு அரை மைக்ரோகிராம். ஒரு கிராமை இருபது லட்சமாகப் பங்கிட்டு அதில் ஒரு பங்கு. இதை முதலாளியிடம் சொன்னபோது அவர் சிரித்தார். பையைத் தின்ன வேண்டியதில்லை, பிடித்த கையோடு சாண்ட்விச் சாப்பிட்டாலே போதும் என்று விளக்கினேன். சிரிப்பு நின்றது.

இந்தச் சட்டத்தின் சூட்சுமம் எண்ணில் இல்லை, யார் நிரூபிக்க வேண்டும் என்பதில் இருக்கிறது. வழக்கமாக, ஒரு பொருள் கெடுதல் என்று அரசாங்கம் நிரூபிக்க வேண்டும். கம்பெனி வக்கீல்கள் "இன்னும் ஆராய்ச்சி வேண்டும்" என்று பத்து வருஷம் இழுப்பார்கள். இழுக்கிற ஒவ்வொரு வருஷமும் அவர்களுக்கு லாபம். இங்கே அதைத் தலைகீழாக்கிவிட்டார்கள். பட்டியலில் உள்ள பொருள் உன் சரக்கிலிருந்து ஆள் மேல் படுகிறது என்று வழக்காடுகிறவர் காட்டினால் போதும். அந்த அளவு ஆபத்தில்லாதது என்பதை நீதான் நிரூபிக்க வேண்டும். எல்லைக்கோடு இன்னும் வகுக்கப்படாத பொருள் என்றால் ஒவ்வொரு துளியும் தலைவலி. ஆகவே "சீக்கிரம் ஓர் எண் சொல்லுங்கள் ஐயா" என்று கம்பெனிகளே அரசாங்கத்தின் கதவைத் தட்டும்படி ஆனது.

இன்னொரு சூட்சுமம், சற்று நாற்றமடிப்பது. இந்தச் சட்டத்தை அமல்படுத்த இன்ஸ்பெக்டர் படை கிடையாது. யார் வேண்டுமானாலும் கடையில் ஒரு பொருளை வாங்கி, லேபில் கொடுத்துப் பார்த்து, தப்பு இருந்தால் கம்பெனிக்கு அறுபது நாள் நோட்டீஸ் விடலாம். அதற்குள் மாநில அட்டர்னி ஜெனரலோ மாவட்ட அரசு வக்கீலோ வழக்கைக் கையில் எடுக்காவிட்டால், நோட்டீஸ் விட்டவரே வழக்குப் போடலாம். ஒரு மீறலுக்கு நாளொன்றுக்கு 2,500 டாலர் வரை அபராதம். அதில் கால் பங்கு வழக்குப் போட்டவருக்கு, வக்கீல் செலவு தனி. இப்படிக் கதவைத் திறந்துவிட்டால் யார் வருவார்கள்? உண்மையான அக்கறை உள்ளவர்களும் வந்தார்கள். இதையே பிழைப்பாக வைத்திருக்கிற வக்கீல்களும் வந்தார்கள். இப்போதெல்லாம் வருஷத்துக்கு ஆயிரக்கணக்கில் நோட்டீஸ் போகிறது. 2001-ல், நிபுணரைக் கேட்டுத்தான் நோட்டீஸ் விடுகிறேன் என்று சான்று தர வேண்டும் என்று ஒரு கடிவாளம் போட்டார்கள். குதிரை அதையும் பழகிக்கொண்டது.

எங்கள் பை விவகாரம் அக்கறைக்காரர்கள் கணக்கில் வந்தது. ஓக்லாந்தில் உள்ள சுற்றுச்சூழல் நல மையம் என்கிற அமைப்பு, கடை கடையாகக் கைப்பை, பர்ஸ், பெல்ட் வாங்கிச் சோதித்து 2009-ல் பெரிய கடைகளின் மேல் வழக்குப் போட்டது. 2010-ல் சமரசம் ஆனது. பூச்சில் 90, பிவிசியில் 200, தோலில் 300 என்று படிப்படியாக இறங்குகிற எண்களுக்குக் கடைகள் ஒத்துக்கொண்டன. கலிபோர்னியாவில் சுமார் நாலு கோடி ஜனம். அவர்களுக்கு ஒரு பை, நியூ ஜெர்சிக்கு ஒரு பை என்று எந்தக் கடையும் தனித்தனியாகத் தைக்கச் சொல்லாது. கோர்ட்டில் ஒரு சமரசம் கையெழுத்தானால், நாலு மாதத்தில் அது ஆம்பூரில் என் மேஜைக்கு மெயிலாக வந்து சேரும். முதலாளியின் நியூ ஜெர்சிக் கேள்விக்குப் பதில் அதுதான்.

எல்லா பையரும் ஒரே மாதிரி நடக்கவில்லை. "காரீயத்தை எடுத்துவிடு" என்றார்கள் சிலர். மலிவுச் சரக்கு வாங்குகிற ஒருவர், "நிறத்தை மாற்றாதே, எச்சரிக்கை ஸ்டிக்கரை ஒட்டிவிடு" என்றார். ஸ்டிக்கருக்குச் சில பைசா. லேப் சோதனைக்கு ஆயிரக்கணக்கில் ரூபாய். ஆனால் கண்ணாடிக் கதவு போட்ட கடைகள் ஸ்டிக்கர் பேச்சையே எடுக்கவில்லை. எலுமிச்சை நிறப் பையில் "புற்றுநோய்" என்று எழுதித் தொங்கவிட்டால் எவள் வாங்குவாள்?

ஆகவே காரீயம் போனது. ஆர்கானிக் நிறமிக்கு மாறினோம். விலை கூட, மூடுதிறன் குறைவு. ஒரு கோட் அடித்த இடத்தில் இரண்டு கோட் அடிக்க வேண்டியிருந்தது. பினிஷிங் மாஸ்டர் ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. எலுமிச்சை கொஞ்சம் பழுத்தாற்போல் ஆனது. அமெரிக்காவில் யாரும் கவனிக்கவில்லை.

2019-ல் ஓய்வு பெற்ற கையோடு மகனைப் பார்க்க சான் ஹோசே போனேன். ஒன்பது வருஷமாக மெயிலில் பயமுறுத்திய சட்டத்தை நேரில் பார்க்கப் போகிறேன் என்று உள்ளூர ஒரு சந்தோஷம். நான் சிரமப்படவே வேண்டியிருக்கவில்லை. அவன் குடியிருப்பின் கார் நிறுத்தத்தில் ஒரு போர்டு: இந்த இடத்தில் புற்றுநோயும் பிறவிக் குறையும் உண்டாக்குவதாகக் கலிபோர்னியா மாநிலம் அறிந்த ரசாயனங்கள் உள்ளன. ஹோட்டல் வரவேற்பறையில் அதே. பெட்ரோல் பங்கில் அதே. நான் வாங்கிய ஸ்குரூ டிரைவர் கைப்பிடியில் மஞ்சள் முக்கோணமும் ஆச்சரியக்குறியும். பேத்தியை டிஸ்னிலேண்டுக்குக் கூட்டிப்போனோம். மிக்கி மவுஸைப் பார்ப்பதற்கு முன்னால் அங்கேயும் அதையே படித்தேன்.

"அப்பா, இங்க யாரும் அதைப் படிக்கிறதில்ல. நீங்கதான் நின்னு போட்டோ எடுக்கிறீங்க" என்றான் மகன்.

உச்சம் காபிக்கடையில். கல்லாவுக்குப் பக்கத்தில் எச்சரிக்கை. எனக்கு அந்தக் கதை தெரியும், மகனுக்குத் தெரியாது. வறுத்த, பொரித்த மாவுப்பண்டங்களில் அக்ரிலமைடு உண்டாகிறது என்பதை 2002-ல் ஸ்வீடன் ஆராய்ச்சியாளர்கள் உலகத்துக்குச் சொன்னார்கள். அதுவரை அதைத் தொழிற்சாலை ரசாயனம் என்றுதான் நினைத்திருந்தார்கள். 1990-லேயே கலிபோர்னியாப் பட்டியலில் ஏறிவிட்டது. காபிக்கொட்டை வறுத்தாலும் வரும். நம் வீட்டு முறுக்கிலும் வரும். 2010-ல் ஓர் அமைப்பு காபிக் கம்பெனிகள் மேல் வழக்குப் போட, எட்டு வருஷம் நடந்து, 2018 மார்ச்சில் லாஸ் ஏஞ்சலஸ் நீதிபதி எச்சரிக்கை தேவை என்றார். ஊர் சிரித்தது. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமையே காபியைப் புற்றுநோய்ப் பொருளாக வகைப்படுத்த ஆதாரம் போதாது என்று 2016-ல் சொல்லியிருந்தது. கடைசியில் பட்டியலைப் பராமரிக்கிற மாநில அலுவலகமே, காபிக்கு எச்சரிக்கை வேண்டாம் என்று விதி எழுதியது. நான் ஊர் திரும்பிய பிறகு, 2019 அக்டோபரில் அது அமலுக்கு வந்தது. நான் குடித்த காபி எச்சரிக்கையோடு. நல்ல காபி இல்லை, அது வேறு விஷயம்.

போர்டுகளை மட்டும் எண்ணிப் பார்த்தால் இந்தச் சட்டம் கேலிக்கூத்துதான். எங்கும் எழுதி வைத்தால் எதுவும் கண்ணில் படாது. எந்தப் பொருள், எவ்வளவு, எப்படித் தவிர்ப்பது என்ற எதுவும் அந்தப் பழைய போர்டில் இல்லை. 2018 ஆகஸ்டிலிருந்துதான் ஒரு ரசாயனத்தின் பெயரையாவது குறிப்பிட வேண்டும் என்று புது முழுநீள எச்சரிக்கைகளுக்கு விதி வந்தது. சோதித்துப் பார்ப்பதைவிட போர்டு மலிவு என்பதால், தேவை இல்லாதவர்களும் பயத்தில் மாட்டிவிடுகிறார்கள். கேலி செய்கிறவர்கள் சொல்வது எல்லாம் நிஜம்.

ஆனால் என்னை மாதிரி சரக்கு அனுப்புகிற பக்கம் முப்பது வருஷம் உட்கார்ந்தவனுக்கு வேறொன்று தெரியும். எங்கள் பையில் எந்த ஸ்டிக்கரும் இல்லை. காரீயத்தை எடுத்துவிட்டதால் ஸ்டிக்கருக்கு வேலை இல்லை. வாங்கிய பெண்ணுக்கு அது தெரியவே தெரியாது. சட்டம் வேலை செய்த இடத்தில் பார்க்க ஒன்றும் இருக்காது. போர்டு கணக்கில் வருவது மிச்சம் மீதிதான்.

தட்டச்சுப் பிழையை அழிக்கிற வெள்ளைத் திரவம் ஞாபகம் இருக்கிறதா? எங்கள் ஆபீசில் அதன் வாசனையே தனி. அமெரிக்காவில் பிரபலமாக இருந்த லிக்விட் பேப்பரில் டிரைகுளோரோஎத்திலீன் இருந்தது. பட்டியல் வந்து ஓரிரு வருஷத்துக்குள் நோட்டீஸ் போனது. கம்பெனி எச்சரிக்கை ஒட்டவில்லை, கரைப்பானை மாற்றிவிட்டது. பித்தளைக் குழாய்களிலிருந்து குடிதண்ணீரில் காரீயம் கசிகிறது என்று 1992-ல் அட்டர்னி ஜெனரல் வழக்குப் போட்டார். குழாய் வார்க்கிற கலவையே மாறியது. மெக்சிகோவிலிருந்து வருகிற மிட்டாய்களின் கதை நமக்குக் கிட்டத்தில் இருக்கிறது: புளியும் மிளகாய்த்தூளும் சேர்த்த மிட்டாய், நம் பள்ளிக்கூட வாசல் புளிமிட்டாய்க்கு ஒன்றுவிட்ட தம்பி. கழுவாமல் காயவைத்து அரைத்த மிளகாயின் மண்ணிலிருந்தும், சில பழைய வகைகளில் மெருகு பூசிய மண்சட்டியிலிருந்தும், உறையின் மையிலிருந்தும் காரீயம் வந்தது. சாப்பிட்டவர்கள் குழந்தைகள். 2006-ல் பெரிய மிட்டாய்க் கம்பெனிகள் சமரசத்துக்கு வந்து, மிளகாயைக் கழுவுவதிலிருந்து ஆரம்பித்தன. உருளைக்கிழங்கு சிப்ஸ் கம்பெனிகள் 2008-ல் அக்ரிலமைடை மூன்று வருஷத்துக்குள் நூறு கோடி பங்கில் 275 பங்காகக் குறைக்க ஒத்துக்கொண்டன. காபி வழக்கில் சிரிப்பு மூட்டிய அதே ரசாயனம்தான்.

கோலா கதை இரண்டு பக்கமும் வெட்டும். கோலாவுக்குப் பழுப்பு நிறம் தருகிற கேரமலில் 4-மெத்தில் இமிடசோல் என்று ஒன்று. 2011-ல் பட்டியலில் ஏறியது. எலி வாங்கிய அளவுக்கு மனிதன் வாங்க வேண்டுமானால் நாளைக்கு ஆயிரம் கேனுக்கு மேல் குடிக்க வேண்டும் என்று அமெரிக்க மத்திய உணவுத் துறையே சொன்னது. இருந்தும் 2012-ல் இரண்டு பெரிய கோலாக் கம்பெனிகளும் கேரமலை மாற்றிச் செய்யச் சொல்லிவிட்டன. இதனால் ஒரு புற்றுநோயாவது தடுக்கப்பட்டதா? எனக்குச் சந்தேகம்தான். தண்டச் செலவு என்று சொல்ல மனம் வருகிறது. அதே மூச்சில் மிட்டாயை நினைத்துக்கொள்கிறேன்.

நான் சொல்வதை அனுபவக் கதை என்று ஒதுக்க வேண்டாம். சைலன்ட் ஸ்பிரிங் என்கிற ஆய்வு நிறுவனம் கலிபோர்னியாப் பல்கலைக்கழக ஆய்வாளர்களோடு சேர்ந்து 32 கம்பெனிகளில் பேட்டி எடுத்து 2025-ல் வெளியிட்டது. போர்டு மாட்டுவதைத் தவிர்க்கவே பொருளின் கலவையை மாற்றினோம் என்று பெரும்பாலோர் சொல்லியிருக்கிறார்கள். என்னைக் கேட்டிருந்தால் 33.

இதைப் படிக்கிற ஆம்பூர், வாணியம்பாடிக்காரர் யாராவது இந்நேரம் கொதித்துப் போயிருப்பார். நம் ஊர்த் தண்ணீரைக் கெடுத்துவிட்டு அமெரிக்கக்காரி கையைக் காப்பாற்றின கதையா என்று. நியாயமான கேள்வி. யார் நிரூபிக்க வேண்டும் என்பதைத் தலைகீழாக்கியது கலிபோர்னியா மட்டும் இல்லை. 1996 ஆகஸ்ட் 28 அன்று, வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் பாலாற்றைக் கெடுத்த தோல் தொழிற்சாலைகளைப் பற்றித் தீர்ப்புச் சொன்னது. தன் செயலால் சூழலுக்குக் கெடுதல் இல்லை என்று நிரூபிக்கிற பொறுப்பு தொழில் நடத்துகிறவனுடையது என்று அதில் எழுதியிருக்கிறது. ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விவசாய நிலம் முழுதாகவோ பாதியாகவோ பாழானதாக ஒரு கணக்கெடுப்பைத் தீர்ப்பு எடுத்துச் சொன்னது. ஒவ்வொரு தோல் தொழிற்சாலைக்கும் பத்தாயிரம் ரூபாய் அபராதம். தீர்ப்பு வந்த அன்று எங்கள் ஆபீசில் யாரும் மத்தியானச் சாப்பாடு சாப்பிடவில்லை. சோகத்தில் இல்லை, போன் ஓயவில்லை. அதே 1996-ல்தான் கலிபோர்னியாவில் ஹின்க்லி என்கிற சின்ன ஊரின் நிலத்தடி நீரில் குரோம் சிக்ஸ் கலந்ததற்காக ஒரு மின்சாரக் கம்பெனி 33 கோடியே 30 லட்சம் டாலர் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டது. ராணிப்பேட்டையில் மூடிக் கிடந்த குரோமேட் ஆலை ஒன்றின் குரோமியக் கழிவு ஒரு லட்சம் டன்னுக்கு மேல் பல வருஷம் திறந்த வெளியில் குவிந்து கிடந்தது. ஒரே உலோகம். கொள்கையும் ஒன்றுதான். அங்கே ஒரு சாதாரண ஆள் கடையில் பொருள் வாங்கி நோட்டீஸ் விட்டுக் கால் பங்கு அபராதம் வாங்கலாம். இங்கே ஒரு மன்றம் வருஷக்கணக்கில் டெல்லிக்கு நடந்தது.

பட்டியலை ஒருநாள் அகர வரிசையில் முழுக்கப் படித்தேன். வெற்றிலை பாக்கு அதில் இருக்கிறது! புகையிலையோடு போடுகிற தாம்பூலம் 1990-லேயே. புகையிலை இல்லாத தாம்பூலமும், வெறும் பாக்கும் 2006-ல். என் அம்மா எண்பத்திரண்டு வயது வரை வெற்றிலைச் செல்லத்தோடு வாழ்ந்து நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தவள். அவள் தங்கை வாய்ப் புற்றுநோயில் போனாள். இரண்டையும் வைத்து நான் என்ன நிரூபிக்க முடியும்?

இன்னும் கீழே போனால் "தோல் தூசு". 2011-ல் சேர்த்திருக்கிறார்கள். பஃபிங் மெஷினில் தோலைத் தேய்க்கும்போது பறக்கிற மாவு போன்ற தூசு. மூக்கில் புற்றுநோய். எங்கள் பஃபிங் செக்‌ஷனில் இருந்தவர் என்னைவிட மூத்தவர், அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். முகத்தில் கர்ச்சீப் கட்டி, சாயங்காலம் திருநீறு பூசினாற்போல் வெளியே வருவார். கலிபோர்னியாவில் வேலை செய்கிற இடத்துக்கும் இந்தச் சட்டம் பொருந்தும். அங்கே இருந்தால் அவருக்குச் சொல்லியாக வேண்டும். நான் ஒரு அட்டையில் மார்க்கரால் "தோல் தூசு புற்றுநோய் உண்டாக்கும், மாஸ்க் போடவும்" என்று எழுதி மெஷின் பக்கத்தில் மாட்டினேன். பத்து நாள் இருந்தது. பையர் ஆடிட்டுக்கு வருகிறார் என்றதும் தூசு உறிஞ்சும் பையை மாற்றினார்கள், நல்ல மாஸ்க் வாங்கினார்கள், அட்டையைக் கழற்றினார்கள். அட்டையால் மாறியதா, ஆடிட்டால் மாறியதா, எனக்குத் தெரியாது. அண்ணன் அந்த அட்டையை மத்தியானம் உட்கார்ந்து சாப்பிட வைத்துக்கொண்டார்.

2010-ல் நின்றுபோன அந்த மஞ்சள் பைகள் என்ன ஆயின என்று சொல்லவில்லையே. உள்ளூரில் 90 என்று கேட்பார் இல்லை. சென்னைப் பெரியமேட்டிலிருந்து ஒரு வியாபாரி வந்து பாதி விலைக்கு மொத்தமாக எடுத்துப் போனார். மிச்சம் விழுந்ததை முதலாளி தீபாவளிக்கு ஸ்டாஃபுக்கு ஆளுக்கொன்று கொடுத்தார். என் மனைவிக்கு அதன் நிறம் ரொம்பப் பிடித்துப்போனது. கல்யாணம், வளைகாப்பு என்று எல்லாவற்றுக்கும் அதைத்தான் தோளில் மாட்டிக்கொண்டாள். லேப் ரிப்போர்ட் என் மேஜை டிராயரில் இருந்தது. நான் ஒன்றும் சொல்லவில்லை.

சான் ஹோசேயிலிருந்து திரும்பிய பிறகுதான் சொன்னேன். அவள் அப்போது அந்தப் பையில் ரேஷன் கார்டு, எல்.ஐ.சி. பத்திரம், பேத்திக்கு வாங்கின வெள்ளிக் கொலுசு எல்லாம் வைத்திருந்தாள்.

"இதைச் சொல்ல உங்களுக்கு ஒம்பது வருஷமா?"

பதிலுக்குக் காத்திருக்கவில்லை. எல்லாவற்றையும் எடுத்து ஜவுளிக்கடை மஞ்சப்பையில் போட்டாள். கொலுசைப் புளி போட்டுத் தேய்த்தாள். கையைச் சோப்புப் போட்டு இரண்டு தடவை கழுவினாள். தோல் பையைக் குப்பை வண்டியில் போடுவதா என்று நான் யோசித்தேன். கிளறிப் பொறுக்குகிற பிள்ளைகள் ஞாபகம் வந்தது. பழைய பேப்பரில் சுற்றிப் பரண் மேல் வைத்திருக்கிறேன். இன்னும் அங்கேதான் இருக்கிறது.